விசாரிக்காத சொல்: கமலாம்பாள் சரித்திரமும் மதுரை மண்ணும்

(மதுரையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று உங்களோடு ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அன்பான ஒரு கணவன், மனைவி. வசதியான ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு சொல் நுழைகிறது. யாரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. வீடு சிதறிப் போகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் இந்தக் கதை நடக்கிற இடம் நம் மதுரை ஜில்லா. இதை எழுதியவர் நம் பக்கத்துப் பிள்ளை. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21.

அவர் பெயர் பி.ஆர். ராஜமய்யர். நாவலின் பெயர் 'கமலாம்பாள் சரித்திரம்'. ஆனால் அதன் முழுப் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்.' அபவாதம் என்றால் வீண்பழி. வீண்பழியைத்தான் அவர் முதலில் வைத்தார், கதாநாயகியின் பெயரை அதற்குப் பின்னால் வைத்தார். காலப்போக்கில் நாம் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பாதியை மறந்துவிட்டோம். அந்த மறந்துபோன பாதிதான் இன்றைய என் பேச்சுக்குப் பொருள்.

இந்த நாவல் எனக்கு அறிமுகமானது ஒரு திண்ணையில். பள்ளி விடுமுறை நாள். என் பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கதை என்றால் உயிர். மடியில் ஈரத் துணியில் மல்லிகை மொட்டைக் கொட்டி, நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி, நான் படிக்கப் படிக்கப் பூத் தொடுத்துக்கொண்டே கேட்பார். கமலாம்பாள் கதையில் ஊர்ப் பெண்கள் கூடி அடுத்தவர் வீட்டுச் சங்கதியை அலசுகிற பகுதி வந்தது. பாட்டியின் கை நின்றுவிட்டது. "ஏன்டா, இது நம்ம தெருவுல பேசுற மாதிரில்ல இருக்கு! இதப் போயி எப்ப எழுதுனாங்க?" என்று கேட்டார். எழுதி எழுபது எண்பது வருஷம் ஆயிற்று என்றேன். நார் அப்படியே விரலில் கிடந்தது. சற்று நேரம் பேசவே இல்லை.

அந்தக் கை ஏன் நின்றது? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் நாற்பது ஆண்டுகளாக இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன்.

முதலில் மண்ணைப் பார்ப்போம்.

கொடைக்கானலுக்கு பஸ் ஏறுகிறவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி டீ குடிக்கிற ஊர் வத்தலக்குண்டு. இன்று திண்டுக்கல் மாவட்டம். ஆனால் 1985 வரை அது மதுரை மாவட்டம்தான். அந்த ஊரில் 1872இல் ராஜமய்யர் பிறந்தார். அவர் தவழ்ந்து நடந்த காலத்தில் இந்தச் சமவெளி எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டே, 1876இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை அது மக்களை வாட்டியது. ரயிலின் ஊதல் சத்தமும் பஞ்சத்தின் அழுகுரலும் ஒரே தலைமுறையின் காதில் விழுந்தன.

அப்போது இந்தப் பக்கத்தில் செல்வம் என்றால் என்ன? கண்மாயில் தண்ணீர் கிடந்தால் செல்வம். வறண்டால் வறுமை. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது 1895 அக்டோபரில். கமலாம்பாள் சரித்திரத்தின் கடைசித் தவணை அச்சானது அதே 1895 ஜனவரியில். அப்படியானால் இந்த நாவல் நமக்குக் காட்டுவது எந்த மதுரையை? பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முந்திய மதுரையை. வானத்தைப் பார்த்து வாழ்ந்த மதுரையை. நேற்று இருந்த செல்வம் நாளை இருக்குமா என்று யாருமே அறுதியிட்டுச் சொல்ல முடியாத மதுரையை. கதை நடக்கிற ஊருக்கு ராஜமய்யர் வைத்த பெயரைக் கவனியுங்கள்: சிறுகுளம்! சிறிய குளம் சீக்கிரம் நிறையும், சீக்கிரம் வற்றும். கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயரின் செல்வமும் அப்படித்தான்.

இனி மனிதரைப் பார்ப்போம்.

ராஜமய்யர் மதுரையில் படித்தார். பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு வரவில்லை, சென்னை நகரின் நடுவில், கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. மில்லர் துரை முதல்வர். ஆங்கிலக் கவிதையும் நாவலும் இளைஞர்களைக் கிறங்கடித்த இடம் அது. ஒரு கையில் ஷெல்லியும் வேர்ட்ஸ்வொர்த்தும், மறு கையில் கம்பரும் தாயுமானவரும். இந்த இரண்டு கைகளும் சேர்ந்துதான் அவருடைய பேனாவைப் பிடித்தன. பி.ஏ. முடித்து, சட்டமும் படிக்கப் போனார். ஆனால் வக்கீல் ஆகவில்லை. இந்தச் சட்டப் படிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே 1872இல் பெருங்குளத்தில் பிறந்து, அதே கல்லூரியில் படித்த இன்னொருவர் அ. மாதவையா. சி.வி. சுவாமிநாத ஐயர் நடத்திய 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் அவர் 1892இல் 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் ராஜமய்யர் வந்தார். 1893 பிப்ரவரி முதல் 1895 ஜனவரி வரை, 24 மாதங்கள், கமலாம்பாள் சரித்திரம் தொடர்ந்து வெளிவந்தது. 1896இல் புத்தகமானது.

தோழர்களே, 24 மாதம் ஒரு கதைக்குக் காத்திருப்பது எப்படி இருந்திருக்கும்? தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பார்கள். இதழ் வந்ததும் ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தமிழில் அதற்கு முன்பு நாவல் இல்லையா? இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இலேயே அச்சேறிவிட்டது. முன்னோடி நூல். அதை நாம் என்றும் வணங்க வேண்டும். ஆனால் அதில் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாளுவாள். அது வியந்து கேட்கும் கதை. கமலாம்பாளோ அடுப்படியில் நிற்கிறாள். அவள் பேசுவது நம் வீட்டுப் பேச்சு. அடுத்த வீட்டுக் கதையை ஜன்னல் வழியாகக் கேட்பது போலக் கேட்டோம். என் பாட்டியின் கை நின்றது அதனால்தான்!

இப்போது காதலுக்கு வருவோம். காதல் நாவல் என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? இரண்டு இளம் உள்ளங்கள், ஒரு தடை, கடைசியில் ஒரு கல்யாணம். ராஜமய்யரிடமும் இளம் ஜோடி உண்டு. கமலாம்பாளின் மகள் லட்சுமியும் மருமகன் ஸ்ரீநிவாசனும். பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல அரும்புகிற காதலை அவர்களிடம் அழகாகக் காட்டுகிறார். ஆனால் நாவலின் நெஞ்சம் அங்கே இல்லை. அது முத்துஸ்வாமி ஐயரிடமும் கமலாம்பாளிடமும் இருக்கிறது. நடுவயதுத் தம்பதி. குழந்தை பெற்றவர்கள். ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள், கோபித்துக்கொள்வார்கள், உடனே சமாதானமாகிவிடுவார்கள். அந்தப் பேச்சில் உள்ள குழைவைப் படித்தால், கல்யாணம் ஆகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் காதல் முழுமையாகப் பூக்கும் என்று நம்பத் தோன்றும். 21 வயதுப் பையனுக்கு இது எப்படித் தெரிந்தது? காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். தன் வீட்டுப் பெரியவர்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

இப்படி உயரத்தில் இருக்கும் வீட்டை எது சரித்தது? தம்பி மனைவி பொன்னம்மாளின் பொறாமை ஒரு பக்கம். குடும்பம் இரண்டாகிறது. குழந்தை நடராஜன் காணாமல் போகிறான். செல்வம் கையை விட்டுப் போகிறது. இத்தனையையும் முத்துஸ்வாமி ஐயர் தாங்கினார். எதைத் தாங்கவில்லை? மனைவியைப் பற்றி ஒரு பேச்சு காதில் விழுந்தது. அதைத்தான் தாங்கவில்லை. பணம் போனபோது கலங்கினார். குழந்தை போனபோது துடித்தார். அந்தச் சொல் வந்தபோது உலகத்தையே உதறிவிட்டு வெளியேறினார். இத்தனை ஆண்டு கூட இருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்டாரா? கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாத இடத்தில்தான் நாவல் நிற்கிறது.

சொல் காதலைத்தானே அழிக்கும், செல்வத்தை என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தாத்தா கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சிறிய வற்றல் மண்டி வைத்திருந்தார். கமுதி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து மூட்டை வரும். ஊரில் பலர் அவரை நம்பிக் கைமாற்றாகப் பணம் கொடுத்து வைத்திருந்தார்கள். நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான் பத்திரம். ஒரு சித்திரை மாதம், "மண்டி நொடிச்சுப் போச்சாம்" என்று யாரோ ஒருவர் பேசிவிட்டார். மண்டி நொடிக்கவில்லை. சரக்கு இருந்தது, வரவேண்டிய பாக்கியும் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் நாலு பேர் வந்து பணம் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் பதினைந்து பேர். தாத்தா கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளி ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மண்டி உண்மையாகவே நொடித்துப் போனது. தராசையும் எடைக்கற்களையும் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தது என் கண்ணுக்குள் இருக்கிறது. பொய்யாக இருந்த சொல், எல்லோரும் நம்பியதால் மெய்யாகிவிட்டது.

பாருங்கள், செல்வத்துக்கும் அடியில் இருப்பது நம்பிக்கை. காதலுக்கும் அடியில் இருப்பது நம்பிக்கை. பணமும் பாசமும் வேறு வேறு என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் ஒரே கடைக்கால் மேல் எழுந்த இரண்டு சுவர்கள். வீண்பழி சுவரைத் தொடுவதில்லை. அது நேரே கடைக்காலுக்குப் போகிறது.

இதை மதுரைக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டாம். இந்த ஊரின் பழைய கதையே அதுதானே! செல்வத்தை இழந்த கோவலன், மனைவியின் சிலம்பை முதலாக்கி மறுபடி வாழலாம் என்று நம்பி எந்த ஊருக்கு வந்தான்? இந்த மதுரைக்கு. ஒரு பொற்கொல்லன் ஒரு சொல் சொன்னான். அரசன் விசாரித்தானா? விசாரிக்கவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு கணம் போதும். உள்ளே மாணிக்கமா முத்தா என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு கணம் செலவழிக்கப்படவில்லை. கோவலன் உயிர் போனது, பாண்டியன் உயிர் போனது, ஊர் எரிந்தது. இளங்கோ கண்ட அதே காட்சியை ராஜமய்யர் ஒரு சிற்றூர் வீட்டுக்குள் கண்டார். அங்கே அரசன் விசாரிக்கவில்லை. இங்கே கணவன் விசாரிக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தது 1892இல். மறு ஆண்டே கமலாம்பாள் தொடங்கியது. ஒன்றைப் படித்துத்தான் மற்றது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. நாமும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இப்போது அந்தச் சட்டப் படிப்பை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சட்டத்தின் உயிர் எது? விசாரணை. ராஜமய்யர் அந்தத் தொழிலுக்குப் போகாமல் எங்கே போனார்? வேதாந்தத்துக்கு. வேதாந்தத்தின் உயிர் எது? அதுவும் விசாரணைதான்! ஒன்று பிறரை விசாரிப்பது. மற்றது தன்னையே விசாரிப்பது. தமிழில் 'விசாரம்' என்றால் கவலை என்றும் பொருள், ஆராய்ந்து பார்த்தல் என்றும் பொருள். முத்துஸ்வாமி ஐயர் முதல் பொருளில் மூழ்கினார். பிறகு ஒரு குருவின் நிழலில் இரண்டாம் பொருளுக்கு வந்து கரையேறினார். தொலைந்த மகன் கிடைக்கிறான். பிரிந்த மனைவியோடு சேர்கிறார். பழைய செல்வம் இல்லை. ஆனால் கடைக்கால் மறுபடி நிற்கிறது.

நாவலின் பிற்பகுதி வேதாந்தமாகப் போய்விட்டது, கதை மெலிந்துவிட்டது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. முற்பகுதியில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரைப் படைத்திருக்கிறாரே, அவர் வாயைத் திறந்தால் பக்கம் முழுவதும் உயிர் துள்ளும். அந்தத் துள்ளல் பிற்பகுதியில் குறைகிறது. இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல் உலகத்தை அக்ரஹாரத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. அந்த ஜன்னலுக்கு வெளியே வயலில் நின்றவர்களும், களவுப் பட்டம் சுமந்தவர்களும், ஊருக்கு ஒதுக்கப்பட்டவர்களும் அதில் முழு மனிதர்களாக எழவில்லை. இதைச் சொல்லாமல் புகழ்ந்தால் நாமும் விசாரிக்காதவர்கள் ஆவோம். பெரிய நூலை நேசிப்பது என்றால் அதன் நிழலையும் சேர்த்துப் பார்ப்பதுதான்.

ஆனால் அந்த இளைஞர் ஏன் கதையை விட்டு வேதாந்தத்துக்கு நடந்தார்? காலத்தைப் பாருங்கள். தொடர் நடந்துகொண்டிருந்த 1893இல்தான் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார். அவருடைய தூண்டுதலால் 1896 ஜூலையில் சென்னையிலிருந்து 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில மாத இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியர் யார்? நம் வத்தலக்குண்டு ராஜமய்யர்தான். வயது 24. அதே 1896 ஜூலையில் மதுரையில் என்ன நடந்தது தெரியுமா? மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், 16 வயது வேங்கடராமன் என்ற மாணவன் மரண பயத்தை எதிர்கொண்டு, நான் யார் என்று தன்னையே கேட்டான். ஆகஸ்டு கடைசியில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். அந்த மாணவன்தான் ரமண மகரிஷி. இருவரும் சந்தித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணின் இரண்டு பிள்ளைகள், ஒரே மாதத்தில், தன்னை விசாரிக்கும் வழியில் நின்றார்கள். கமலாம்பாள் புத்தகமாக வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

அடுத்து என்ன ஆயிற்று? சொல்லவே நெஞ்சு கனக்கிறது. 1898இல் ராஜமய்யர் மறைந்தார். வயது 26. ஒரே ஒரு தமிழ் நாவல். ஆங்கிலக் கட்டுரைகள் 1905இல் 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்ற பெயரில் புத்தகமாயின. பத்திரிகை அல்மோராவுக்கு இடம் மாறி இன்றுவரை நடக்கிறது. நாவல் நூறாண்டு கழித்து, 1998இல், ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. அந்த மொழிபெயர்ப்பாளர் எந்தப் பெயரை எடுத்துக்கொண்டார் தெரியுமா? நாம் மறந்த முன்பாதியை! வீண்பழி என்ற அந்தப் பெயரைத்தான் அட்டையில் போட்டார்.

வத்தலக்குண்டு அதோடு ஓயவில்லை. 1884இல் அங்கே பிறந்த சுப்பிரமணிய சிவா விடுதலைப் போரில் சிறை கண்டார். 1905இல் பிறந்த பி.எஸ். ராமையா 'மணிக்கொடி' இதழைத் தாங்கினார். அந்த ஊரோடு பெயர் இணைந்த சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழை நடத்தினார், 'வாடிவாசல்' கதையைத் தந்தார். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்று தமிழுக்குக் கொடுத்த சீதனம் இது. இவர்களில் மூத்தவர் ராஜமய்யர். நம் தெருப் பேச்சே இலக்கியமாகும் என்று முதலில் காட்டியவர் அவர்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 1893இல் ஒரு வதந்தி சிறுகுளத்தின் கிழக்குத் தெருவிலிருந்து மேற்குத் தெருவுக்குப் போக அரை நாளாவது ஆகியிருக்கும். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனில் அதற்கு ஒரு நொடி போதும். ஒரு பெண்ணைப் பற்றி, ஒரு கடையைப் பற்றி, ஒரு சமூகத்தைப் பற்றி ஒரு சொல் வருகிறது. உங்கள் விரல் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடத் துடிக்கிறது. அந்த விரல்தான் இன்றைய சிறுகுளம். அந்த இடத்தில் நீங்கள் முத்துஸ்வாமி ஐயரை நினைக்க வேண்டும். கோவலனை நினைக்க வேண்டும்.

அன்று திண்ணையில் கதை கேட்ட என் பாட்டியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மண்டி நொடித்தது அந்த விடுமுறைக்குச் சில வருஷங்களுக்கு முன்பு. அந்தச் சொல்லை முதலில் கேட்டவர்களில் பாட்டியும் ஒருவர். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார். தாத்தாவிடம் கேட்கவும் இல்லை, சொன்னவரை மறுக்கவும் இல்லை. நார் விரலில் கிடக்க அவர் பேசாமல் இருந்தது ஏன் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அதன் பிறகு அவர் மாறிவிட்டார். யார் வந்து எந்தச் சங்கதியைத் தொடங்கினாலும், பூத் தொடுப்பதை நிறுத்தாமல், தலையை மட்டும் நிமிர்த்தி ஒன்றே ஒன்று கேட்பார்: "நீ பாத்தியா?"

வந்தவர் வாய் மூடிக்கொள்வார். பாட்டி அடுத்த மொட்டை எடுத்து முடிச்சுப் போடுவார்.